எல்ம் மரத்தில் செய்த பதினெட்டு வில்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது தற்பெருமை பேசுகிற கட்டுரை. முப்பத்தோரு வருடம் ஈப்போவில் ஒரே மேசையில் உட்கார்ந்து, யார் யாரோ கொண்டுவந்து நீட்டிய மரத்துண்டுகளைப் பார்த்து இது இன்ன மரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். ஓய்வு பெற்றால் அடக்கம் தானாக வரும் என்றார்கள். எனக்கு வரவில்லை. நம் மர ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேர்ந்த நீங்கள் நான்கு பேரும் போன வாரம் வீட்டுக்கு வந்து, நான் சுட்டு வைத்திருந்த முறுக்கை ஒரு கை பார்த்துவிட்டு, "அக்கா, உங்க அனுபவத்த எழுதிக் குடுங்க லா" என்று கேட்டீர்கள். கேட்டது உங்கள் குற்றம். இனி படித்துத்தான் ஆகவேண்டும்.

மரத்தை எப்படிச் சீவுவது, எத்தனை மடங்கு பெரிதாக்கிப் பார்ப்பது, எந்தப் புத்தகத்தில் எந்தப் படம் இருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பட்டம் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நான் ஐந்தாம் படிவப் பள்ளிப் படிப்போடு வேலைக்கு வந்தவள், மிச்சத்தை மேசையிலேயே கற்றுக்கொண்டேன். ஆகவே அந்தப் பாடத்தை விட்டுவிடுகிறேன். பதில் தெரிந்த பிறகும் வாயைத் திறக்கத் தயங்குகிற நேரம் ஒன்று உங்களுக்கு வரும். எதிரே ஒருவர் நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்கு அப்படி வந்த ஒரு நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

அதற்கு முன் என் பழக்கம் ஒன்றை நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டும். எங்களுக்குப் பெயர்தான் எல்லாம். தெலுக் இந்தான் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் வாய்க்கால் மேல் பாலம் போட மரம் இறக்கியிருந்தார்கள். பழக்குலை ஏற்றிய லாரிகள் போகிற பாலம். குத்தகைக்காரர் அது பாலாவ் மரம் என்று சத்தியம் செய்தார். மழையிலும் சேற்றிலும் கிடந்து உழைக்கிற மரம் பாலாவ். தோட்டத்தாருக்குச் சந்தேகம் வந்து ஒரு துண்டை என்னிடம் அனுப்பினார்கள். சீவிப் பார்த்தேன். பாலாவாக இருந்தால் பிசின் குழாய்கள் வெள்ளைக் கோடாகத் தெரியும். இதில் கோடே இல்லை, இது கெம்பாஸ் என்கிற வேறு மரம். அதுவும் கெட்டியான மரம்தான், ஆனால் மருந்து ஏற்றாமல் சேற்றில் நட்டால் மக்கிப்போகும். குத்தகைக்காரர் நேரிலேயே வந்து, "மேடம், மொதல்ல நீங்க கண்ணாடிய மாத்துங்க" என்றார். "நான் கண்ணாடிய மாத்தறேன், நீங்க மரத்த மாத்துங்க" என்றேன். மாற்றினார். அந்தப் பாலத்தில் இன்றும் லாரி போகிறது.

பார்த்தீர்களா, பெயரைச் சொன்னேன், வேலை முடிந்தது. நம் நாட்டு மரத்தில் பெயர் தெரிந்தால் பலம் தெரியும், விலை தெரியும், எங்கே நடலாம், எங்கே நடக்கூடாது என்று தெரியும். பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். அதோடு, ஒரு மரத்தில் எந்த இடத்தில் சீவினாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். இங்கே வருடம் முழுக்க வெயிலும் மழையும், மரம் வளர்வதை நிறுத்துவதே இல்லை. ஆண்டு வளையம் என்று புத்தகத்தில் வருமே, அதை நான் என் சொந்தக் கண்ணால் நல்ல தெளிவாகப் பார்த்தது வேலைக்குச் சேர்ந்து எத்தனையோ வருடம் கழித்துத்தான். இந்தப் பழக்கம் என்னை இரண்டு தடவை கவிழ்த்தது. இரண்டும் ஒரே ஆளுடைய மரத்தில்.

அந்த ஆள் தனபாலன். சுங்கை சிப்புட்காரர். லாரிகளுக்குப் பட்டை ஸ்பிரிங் கட்டுகிற பட்டறையில் இருபது வருடம் வேலை பார்த்தவர். இங்கே பழைய மாதிரி மரவில் எய்கிற ஆசை பிள்ளைகளிடையே பரவியபோது, தன் மகளுக்காக ஒரு வில் செய்தார். அதைப் பார்த்து இன்னொருவர் கேட்டார், பிறகு இன்னொருவர். ஒரு நாள் மூன்று மரத்துண்டுகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

"அக்கா, இது எல்ம் மரம்தானான்னு பாத்துச் சொல்லணும்."

"எல்மா? நம்ம பக்கத்து மரம் இல்லையே. என்ன செய்யப் போறீங்க?"

"வில்லு செய்யறேன்க்கா."

"வில்லா? யாரோட சண்டைக்குப் போறீங்க?"

சிரித்துவிட்டார். "சண்டைக்கெல்லாம் இல்லக்கா, பிள்ளைங்க போட்டிக்கு. எல்முன்னா நாரு பின்னிக்கிட்டு இருக்குமாம், வளைச்சா பிளக்காதாம். ஈப்போல மரக்கடை வச்சிருக்கற தவுக்கே ஒருத்தரு மூணு கட்டு எறக்கிக் குடுத்தாரு. மூணும் எல்முங்கறாரு. அவரு சொன்னா நம்பிடறதா? பட்டையும் சரி, வில்லும் சரி, இரும்போ மரமோ தப்பாப் போச்சுன்னா மூஞ்சில அடிக்கும்."

கட்டுக்கு ஒரு துண்டாக மூன்று துண்டு. என்னிடம் எல்ம் மரம் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஆனால் நம் கூடத்தில் கடைசி இழுப்பறையில் குளிர்நாட்டு மரங்களின் மாதிரிக் கட்டைகள் இருக்கின்றன அல்லவா, யாரும் திறக்காத அந்த இழுப்பறை? அதைத் திறந்தேன். அரைநாள் அந்தக் கட்டைகளோடு உட்கார்ந்தேன். எல்மை ஒரு தடவை பார்த்தால் மறக்கமாட்டீர்கள். குளிர் விட்டு மரம் துளிர்க்கிற காலத்தில் பெரிய பெரிய துளைகளாக ஒரு வரிசை போடும். கோடை வந்ததும் துளைகள் சிறுத்து, அலை அலையாக நெளிந்து போகும். அந்த அலைகளுக்கு நடுவே இருப்பது கெட்டியான மரம். எல்மிலேயே பல இனம் உண்டு. பெரிய துளைகள் ஒரே வரிசையாக நின்றால் ஓர் இனம். மூன்று நான்கு வரிசையாக நெருக்கியடித்தால் வேறோர் இனம். துளைகளே சிறுத்து விட்டுவிட்டு நின்றால் அது இன்னும் கெட்டியான இனம்.

தனபாலனுடைய முதல் துண்டும் மூன்றாவது துண்டும் மூன்று நான்கு வரிசை இனம். இரண்டாவது துண்டில் அதே அலை இருந்தது, அதே துளை இருந்தது, ஆனால் குறுக்கே ஓடும் கதிர்க்கோடுகள் வெறும் கண்ணுக்கே தெரிந்தன. எல்மில் அவை அவ்வளவு தடிப்பாக இருக்காது. அது எல்ம் இல்லை, எல்முக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையில் வருகிற வேறு மரம். தவுக்கே ஏமாற்றினார் என்று சொல்லமாட்டேன், அவருக்கே தெரிந்திருக்காது. தாளில் எழுதி, கூடத்து முத்திரைச் சாப்புக் குத்திக் கொடுத்தேன். தனபாலன் இரண்டாவது கட்டைத் திருப்பி அனுப்பிவிட்டு மற்ற இரண்டையும் வைத்துக்கொண்டார். பார்த்தே இராத மரத்தின் இனத்தை அரைநாளில் சொல்லிவிட்டேன் என்று அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் இரண்டு நாள் அதே பேச்சு.

நான்கு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, தனபாலன் மறுபடி வந்தார். வலது புருவத்துக்கு மேல் மூன்று தையல். கையில் ஒடிந்த வில்லின் ஒரு பாதி. இழுத்துச் சோதித்துப் பார்க்கும்போது பாதி இழுப்பில் ஒடிந்து, துண்டு தெறித்து நெற்றியில் அடித்திருக்கிறது. ஒரு விரற்கடை இறங்கியிருந்தால் கண்.

"அக்கா, நீங்க எல்முன்னுதான எழுதிக் குடுத்தீங்க? எனக்குக் கோவமில்லக்கா. எனக்குத் தெரிஞ்சாகணும். இதே மரத்துல பதினெட்டு வில்லு செஞ்சு வச்சிருக்கேன். நாளைக் கழிச்சு சனிக்கிழம தைப்பிங்ல போட்டி. பதினெட்டுப் பிள்ளைங்க அத இழுக்கப் போறாங்க. என் மகளும் அதுல ஒருத்தி."

வாங்கி, ஒடிந்த இடத்துக்குப் பக்கத்தில் சீவி லென்சை வைத்தேன். எல்ம்தான். சந்தேகமே இல்லை, நான் எழுதியது சரி. ஆனால் லென்சை நகர்த்தி வளையங்களை எண்ணத் தொடங்கினேன்.

வளையங்கள் முடிபோல நெருக்கமாக இருந்தன. எங்கேயோ குளிரில், மண் போதாமல், வருடத்துக்கு நூல் அளவு நூல் அளவாக வளர்ந்த மரம். இந்த இன எல்ம் எவ்வளவு மெல்ல வளர்ந்தாலும் துளிர்காலத்துத் துளை வரிசைகளை மட்டும் குறைக்காது. குறைவது கோடையில் போடுகிற கெட்டி மரம்தான். ஆக, வளையத்துக்கு மேல் வளையம் துளைகள் மட்டும். நடுவே தாங்குவதற்கு ஒன்றுமே இல்லை. பெயர் எல்ம், பலம் இல்லை. நான்கு மாதத்துக்கு முன் கட்டுக்கு ஒரு துண்டைப் பார்த்து, இன்ன மரம் என்று எழுதி நிமிர்ந்துவிட்டேன். அந்தத் துண்டுகள் நன்றாக வளர்ந்த மரத்துடையவை. கட்டில் இருந்த மற்றப் பலகைகள் எந்த மரத்துடையவை என்று யாருக்குத் தெரியும்? ஒரே இனத்தில் ஒன்று இரும்பாகவும் ஒன்று ரஸ்க்காகவும் இருக்கும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. நம் மரங்களில் அப்படி இல்லையே.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர், பயந்த மனிதரும்கூட. "அக்கா, அவங்க கேட்டது என்ன மரம்னு. நம்ம சொன்னது சரியான பேரு. அதோட முடிஞ்சுது லா. இப்பப் போயி வில்லப் பத்தி நம்ம ஏதாச்சும் சொன்னா, நாளைக்கு எது ஒடிஞ்சாலும் நம்ம தலையிலதான் வந்து விழும்" என்றார். அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பில்லை. அதனால்தான் எனக்கு ஆத்திரம் வந்தது. தப்பாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டுவிட்டுப் போயிருப்பேன். வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

வெள்ளி காலையில் சுங்கை சிப்புட்டுக்குப் போனேன். தனபாலன் வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட கொட்டகை. சுவரோரமாகப் பதினெட்டு வில்லும் சாய்ந்து நின்றன. என்ன அழகு! தேய்த்து எண்ணெய் விட்டுப் பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் பிடியிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதி ஒட்டியிருந்தார். பலகை நீளம் போதாததால் ஒவ்வொரு வில்லும் இரண்டு துண்டு, நடுவில் பிடியில் இணைத்திருக்கிறேன் என்றார். கேட்டேன், தலையாட்டினேன், வேலையைத் தொடங்கினேன்.

அவர் மகள் தர்ஷினி பள்ளிக்கூடம் போகாமல் நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயது. கையைக் கட்டிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாளே, அந்தக் குத்தகைக்காரர்கூட அப்படிப் பார்த்ததில்லை.

ஒவ்வொரு வில்லின் நுனியிலும் ஒரு நகக்கண் அளவு சீவி, லென்சில் வளையத்தைப் பார்த்தேன். கெட்டி மரம் அகலமாக இருந்தால் இடப்பக்கம். துளை மட்டும் என்றால் வலப்பக்கம். வலப்பக்கம் ஒன்று நான் வைக்கும்போதெல்லாம் தனபாலன் பிடியில் ஒட்டியிருந்த பெயரை மட்டும் மெல்ல வாசித்தார். முடித்தபோது இடப்பக்கம் பன்னிரண்டு, வலப்பக்கம் ஆறு. ஆறாவதில் தர்ஷினியின் பெயர்.

"அது என்னோடது," என்றாள்.

"தெரியும்மா. வேணாம்."

"அதுதான் இங்க இருக்கறதுலயே வேகமான வில்லு. அப்பா, சொல்லுங்கப்பா! ரெண்டு மாசமா அதுலதான் எய்யறேன். எத்தன அம்பு விட்டிருக்கேன்! ஒரு சத்தம்கூட வந்ததில்ல."

அவள் சொன்னது உண்மை. லேசான மரம், கை விட்டதும் விருட்டென்று திரும்பும். வேகமாக இருப்பதற்கும் நான் வேண்டாம் என்பதற்கும் காரணம் ஒன்றே. அதைச் சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை. தனபாலன் பாவம், என்னையும் பார்க்கிறார், மகளையும் பார்க்கிறார்.

"சோதிச்சுப் பாத்துடுவோம்க்கா," என்றார் கடைசியில்.

கொட்டகைச் சுவரில் வில்லை மாட்டி, கப்பி வழியாகக் கயிறு விட்டு, எட்ட நின்று இழுப்பதற்கு ஓர் ஏற்பாடு வைத்திருந்தார். தர்ஷினியின் வில்லை அதில் மாட்டினார். மூன்று பேரும் வெளிவாசலுக்கு வந்து நின்றோம். இழுத்தார். முழு இழுப்பு. விட்டார். மறுபடி இழுத்தார். மழை பிடித்துக்கொண்டது, தகரத்தில் சத்தம் காதைப் பிளந்தது. ஐம்பது தடவை இழுத்தார். நான் ஒவ்வொரு தடவையும் ஒடிந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். உங்களிடம் உண்மையைச் சொல்லுவதற்கென்ன, ஒடியவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஒடிந்திருந்தால் எனக்கு எவ்வளவு சுலபம்! அது ஒடியவில்லை. ஒரு கீறல் சத்தம்கூட இல்லை.

"பாத்தீங்களா?" என்றாள் தர்ஷினி.

அந்த நேரம்தான், பிள்ளைகளே. சுவரில் வில் முழுசாகத் தொங்குகிறது. என் பக்கம் சாட்சி சொல்ல ஒரு லென்சைத் தவிர ஒன்றுமில்லை. அப்பாவும் மகளும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். ஒடியாத வில்லை ஒடியும் என்று சொல்லுகிற பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோல் இருந்தது. சரி, எடுத்துக்கொண்டு போ என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு ஒன்றும் ஆகாது. மிச்சம் பத்துப் பங்கு அவள் கன்னத்துப் பக்கத்தில், கண்ணுக்கு நேராக, நாணை இழுத்துப் பிடித்திருக்கும்போது.

"இப்பவும் வேணாம்னுதான் சொல்றேன்," என்றேன்.

"அம்பது தடவ இழுத்தாச்சு ஆன்ட்டி!"

"அம்பத்தோராவது தடவ உன் மூஞ்சிக்கு நேரா இழுப்பே."

"நீங்க சொல்றது தப்பா இருந்தா?"

"தப்பா இருந்தா, ஆயுசு பூரா என்ன மொறைச்சுப் பாக்கறதுக்கு உனக்கு ரெண்டு கண்ணும் இருக்கும். பரவாயில்ல, மொறைச்சுக்க."

கைப்பேசி அடித்தது. மேலாளர். நான் எங்கே இருக்கிறேன் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். "அக்கா, வாயால என்ன வேணும்னாலும் சொல்லுங்க. எழுதி மட்டும் குடுக்காதீங்க லா" என்றார். "சரிங்க சார், மழை, கேக்கல" என்று வைத்துவிட்டேன். நன்றாகவே கேட்டது. என் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். நான்கு மாதத்துக்கு முன் நான் கொடுத்த தாளில் மரத்தின் பெயர் சரி, ஆனால் வில் செய்வதற்கு அந்தப் பெயர் மட்டும் போதாது என்று எழுதினேன். ஆறு வில்களின் மேல் இருந்த பெயர்களை எழுதி, இந்த ஆறையும் யாரும் இழுக்கக்கூடாது என்று எழுதினேன். கீழே என் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த நிமிடத்தைப் பற்றி எனக்கு இன்றைக்கும் பெருமை உண்டு. மரத்தைக் கண்டுபிடிக்கிற கண் பலருக்கும் இருக்கிறது, உங்களுக்கும் வரும். முன்னே எழுதியது போதாது என்று தானே எழுதிக் கையெழுத்துப் போடுகிற கை எனக்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

தனபாலன் தாளை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மகளிடம் திரும்பினார்.

"தர்ஷினி, மத்த அஞ்சு வீட்டுக்கும் நான் இந்தப் பேப்பரக் காட்டித்தான் வில்லு இல்லன்னு சொல்லப் போறேன். உன்னுத மட்டும் குடுத்தா அவங்க மூஞ்சில எப்படிமா முழிப்பேன்?"

அவள் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. கொட்டகைக்குள் போய்ச் சுவரிலிருந்து வில்லை இறக்கினாள். தனபாலன் ரம்பத்தை எடுக்கப் போனார். "யாரும் தொடாதீங்க. நானே அறுக்கறேன்," என்றாள். முழங்காலில் வைத்து, பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, அழுதுகொண்டே அறுத்தாள். நான் செய்தது சரி என்று தெரிந்தும் அந்தப் பிள்ளையைப் பார்க்க முடியவில்லை.

அறுத்து முடித்ததும் வெட்டுவாயைத் தடவிப் பார்த்தாள். பிறகு எதிர்பாராமல் என்னிடம் கையை நீட்டினாள்.

"அந்தக் கண்ணாடியக் குடுங்க. நான் பாக்கணும்."

வெட்டுவாயைப் பிளேடால் சீவி லென்சைக் கொடுத்தேன். எப்படிக் கண்ணோடு ஒட்டிப் பிடிக்கவேண்டும் என்று மட்டும் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் ஓட்டையா இருக்கு, ஆன்ட்டி."

"இதப் பாரு," என்று ஒடிந்த வில்லின் துண்டைக் கொடுத்தேன். "அதேதான்," என்றாள். இடப்பக்கத்திலிருந்து நல்ல வில் ஒன்றை எடுத்து நுனியைக் காட்டினேன். "இதுல நடுவுல தடிப்பா ஒண்ணு வருதே." "அதுதான் தாங்கறது," என்றேன்.

அதோடு விடுவாள் என்று நினைத்தேன். நானும் தனபாலனும் வாசலில் நின்று, பன்னிரண்டு வில்லைப் பதினெட்டுப் பேர் எப்படிப் பங்கிடுவது என்று பேசிக்கொண்டிருந்தோம். "ஒம்பது ஒம்பது பேரா ரெண்டு தடவையா நின்னு எய்யறாங்க, கொங்சி பண்ணி மாத்திக்கலாம்க்கா" என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து தர்ஷினி கூப்பிட்டாள்.

"ஆன்ட்டி, இங்க வாங்க. இது கிரிஷனோட வில்லு. நீங்க நல்லதுன்னு வச்சது."

கிரிஷன் அந்தக் குழுவிலேயே சின்னவன், பதினொரு வயது.

"ஆமா, நல்லதுதான். பாத்தேனே."

"இந்தப் பக்கம் பாத்தீங்க. அந்தப் பக்கம் பாக்கலையே?"

"ஒரு பக்கம் பாத்தா போதும்மா, ஒரே மரம்..."

ஒரே மரம் எங்கே? பிடியில் இணைத்த இரண்டு துண்டு என்று காலையில்தான் தனபாலன் என்னிடம் சொன்னார். நான் தலையாட்டினேன். இத்தனை வருடமாக ஒரு பக்கம் சீவிப் பழகிய கை, பதினெட்டு வில்லிலும் ஒரு பக்கம் மட்டுமே சீவியிருக்கிறது.

தர்ஷினி மறுமுனையைத் தானே சீவி வைத்திருந்தாள். சீவியது கோணல்மாணல். லென்சை வாங்கிப் பார்த்தேன். முடிபோல நெருங்கிய வளையம். துளை, துளை, துளை. பதினொரு வயதுப் பையன் கையில் நான் கொடுக்கவிருந்த வில். உட்கார ஒரு முக்காலி தேடினேன்.

தாளில் ஆறு என்பதை அடித்துவிட்டு ஏழு என்று எழுதினேன். கிரிஷனின் பெயரைச் சேர்த்தேன். அடித்த இடத்தில் மறுபடி கையெழுத்துப் போட்டேன்.

"ஆன்ட்டி, கோவமா?" என்றாள்.

"கோவம்தான், என்மேல. நீ நிறுத்தாத. இன்னும் பதினொண்ணு இருக்கு, எல்லாத்துலயும் மறுபக்கம் பாரு. நீ பாத்ததும் நான் பாக்கறேன்."

மழை விடும்வரை பார்த்தோம். பதினொன்றும் இரண்டு பக்கமும் நல்ல மரம்.

சனிக்கிழமை தைப்பிங் திடலில் பதினொரு வில்லைப் பதினெட்டுப் பேரும் மாற்றி மாற்றி எய்தார்கள். பரிசு ஒன்றும் வரவில்லை. தர்ஷினிக்குப் பழக்கமில்லாத கனமான வில், அம்பெல்லாம் கீழே கீழே போயிற்று. எல்லாப் பிள்ளைகளும் எப்படிப் போனார்களோ அப்படியே வீடு திரும்பினார்கள். அவள் வில் ஒடிந்திருக்குமா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியாது. அறுத்துவிட்டோமே. தெரியாமல் போனதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

திங்கட்கிழமை, தனபாலன் திருப்பிக் கொடுத்த அந்தத் தாளை மேலாளர் மேசையில் நானே கொண்டுபோய் வைத்தேன். கத்தினார், பிறகு கோப்பில் சேர்க்கச் சொன்னார். இன்னும் அங்கேதான் இருக்கிறது, எடுத்துப் பாருங்கள். கீழே என் கையெழுத்து இரண்டு இருக்கும். அதற்கும் கீழே பென்சிலில், "மறுபக்கம் பார்த்தது" என்று எழுதி, ஒரு பதினாறு வயதுப் பெண் தன் பெயரைப் போட்டிருப்பாள். வெளியாள் எழுத்து நம் தாளில் இருக்கக்கூடாது, அழித்துவிடுங்கள் என்று மேலாளர் சொன்னார். ஓய்வு பெறும் நாள்வரை நான் அழிக்கவில்லை. நீங்களும் அழிக்காதீர்கள்.